செல்லாத வண்டி

மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தை வண்டி வகைவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று தொடங்கி ரோடு ரோலர் வரைக்கும் அந்தப் பட்டியல் போகும். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பட்டியலின் மூன்றாவது இடத்தில் இருந்த பெயர் 'இன்வாலிட் கேரியேஜ்'. உடல் ஊனமுற்றவருக்கான வண்டி என்று பொருள். நோயாளியையும் நடமாட முடியாதவரையும் குறிக்கிற அந்த ஆங்கிலச் சொல்லை, எழுத்து மாறாமல், அழுத்தத்தை மட்டும் மாற்றி உச்சரித்தால் 'செல்லாதது' என்று வேறு பொருள் வந்துவிடும். செல்லாத நோட்டு, செல்லாத ஓட்டு என்கிறோமே, அந்தச் செல்லாதது. தமிழில் அது இன்னும் ஒரு படி மேலே போகிறது. மதிப்பில்லாததும் செல்லாதது, நகராததும் செல்லாதது.

என் ஸ்கூட்டரின் ஆர்.சி.யில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. இந்தச் செல்லாத வண்டியில்தான் பதிமூன்று வருஷம், கீரனூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு, போகவர தினம் 28 கிலோமீட்டர் ஓட்டினேன். பெயரைப் பற்றி முதலில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர்களோடு வளர்ந்தவளுக்கு அரசாங்கம் வைத்த பெயர் உறைக்காது. ஆனால் அந்தப் பெயருக்குச் சட்டம் கொடுத்திருந்த விளக்கத்தைப் படித்தபோது ஒரு சொல் இடறியது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வாக்கியத்தின் பயணம்

1988 சட்டத்தின் விளக்கத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: உடற்குறையோ ஊனமோ உள்ள ஒருவருடைய பயன்பாட்டுக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்ட, வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக இல்லாத, அவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்படும் மோட்டார் வாகனம்.

'வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக இல்லாத'. இதுதான் இடறிய இடம். கடையில் எல்லாருக்கும் விற்கிற வண்டியை வாங்கி, நம் உடம்புக்குத் தக்கபடி பட்டறையில் மாற்றிக்கொண்டால் அது இந்த விளக்கத்துக்குள் வராது. வண்டி பிறக்கும்போதே நமக்காகப் பிறந்திருக்க வேண்டும்.

இந்தச் சொற்கள் டெல்லியில் எழுதப்பட்டவை அல்ல. பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இதே சொற்கள் அச்சு மாறாமல் இருக்கின்றன. அங்கே கூடுதலாக ஒரு நிபந்தனை: வண்டியின் எடை 5 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் சுமார் 254 கிலோ. 1939-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் எழுதியவர்கள் அந்த வாக்கியத்தை எடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன்படி எந்தக் காரும் ஊனமுற்றவர் வண்டி ஆக முடியாது. எண்பதுகளில் வந்த சின்ன மாருதியே 600 கிலோவுக்கு மேல். 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எடையை விட்டுவிட்டது. 'வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக இல்லாத' என்பதை மட்டும் விடவில்லை.

பிரிட்டனில் அந்த வாக்கியத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. முதல் உலகப்போரில் கால் இழந்து திரும்பியவர்களுக்காக அங்கே தனி வண்டிகள் செய்யும் தொழில் வளர்ந்திருந்தது. இரண்டாம் போருக்குப் பிறகு பெர்ட் கிரீவ்ஸ் என்ற பொறியாளர் 'இன்வாகார்' என்ற மூன்று சக்கர வண்டியைத் தயாரித்தார். 1948-இல் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவை இந்த மாதிரி வண்டிகளை ஊனமுற்றவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. வெளிர்நீலத்தில், ஒரே ஒரு இருக்கையோடு இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்வாகாரின் தொடக்கமே மாற்றியமைப்புதான். நடக்க முடியாத தன் உறவினரின் சக்கர நாற்காலிக்கு ஒரு மோட்டாரைப் பொருத்திப் பார்த்ததில்தான் கிரீவ்ஸுக்கு அந்த யோசனை பிறந்தது.

அந்த ஒற்றை இருக்கைதான் கடைசியில் அதற்கு எமனானது. மனைவியையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போக முடியாது. நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளவும் ஆள் இல்லை. ஊனமுற்றவர்களே போராடினார்கள்: எங்களுக்குத் தனி வண்டி வேண்டாம், எல்லாரும் ஓட்டுகிற காரை எங்களுக்கேற்ற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். 1974-இல் லேடி ஷார்ப் தந்த அறிக்கையும் காரையே பரிந்துரைத்தது. 1977-இல் மோட்டபிலிட்டி என்ற அமைப்பு தொடங்கி, உதவித்தொகையைக் கொண்டே கார் எடுக்க வழி செய்தது. 2003 மார்ச்சில் இன்வாகார்கள் பிரிட்டன் சாலைகளிலிருந்து முழுவதுமாக விலக்கப்பட்டன.

வாக்கியம் பிறந்த நாட்டில் அது சொன்ன வண்டி வந்தது, ஓடியது, போதாது என்று ஒதுக்கவும்பட்டது. இங்கே நமக்கு வாக்கியம் மட்டும் வந்து சேர்ந்தது.

கையால் சுற்றும் வண்டி

எங்கள் பக்கத்தில் அப்போது ஓடியது வேறு வண்டி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நெஞ்சுக்கு நேரே சைக்கிள் பெடல் மாதிரி ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் செயின் வழியாகச் சக்கரம் சுழலும். கான்பூரில் 1972-இல் ஏற்படுத்தப்பட்ட அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் இந்த வண்டிகளைச் செய்கிறது. முகாம்களில் மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த வண்டியின் மூதாதை 1655-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் அருகே பிறந்தது. ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி, நடக்க முடியாதவர், தனக்காகத் தானே செய்துகொண்ட மூன்று சக்கர வண்டி. பல்சக்கரங்களைக் கைப்பிடியால் சுற்றி ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 22. மிதிவண்டி வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே ஒரு மனிதர் தன் கையால் தன்னை நகர்த்திக்கொண்டார். அதை மாற்றுத்திறனாளி ஒருவர் செய்தார் என்பதில் ஆச்சரியம் இல்லை. தேவை யாருக்கோ அவர்தானே முதலில் யோசிப்பார்.

ஆனால் கையால் சுற்றும் வண்டி தெருவுக்குத்தான் சரிப்படும். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்ற ஒருவர் அந்த வண்டி வைத்திருந்தார். அவர் உலகம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும்தான். புதுக்கோட்டைச் சாலைகள் பார்க்கச் சமதளம். வண்டியைக் கையால் சுற்றிப் பார்த்தால்தான் மேடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சைக்கிள் வந்த வருஷம்

நான் 1975-இல் பிறந்தவள். போலியோ சொட்டு மருந்து நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 1979-இல். அதற்குள் இளம்பிள்ளை வாதம் என் இடது காலுக்கு வந்துவிட்டுப் போயிருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை காலிப்பர் போட்டுக்கொண்டு நடப்பேன்.

எனக்குப் பதினேழு வயது நடந்தபோது மாவட்டமே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் யோசனை. பஸ்ஸுக்கும் ஆம்பளைகளுக்கும் காத்திருக்கிற பெண்ணால் எப்படிப் படிக்க வர முடியும், படித்ததை வைத்துக்கொண்டு எங்கே போக முடியும்? கண்ணம்மாள் போன்ற அறிவொளித் தொண்டர்கள் முன்னால் நின்று ஓட்டிக் காட்டினார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் நுழைந்தார்கள்.

இதை உலகத்துக்குச் சொன்னவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பத்து லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள்தொகை கொண்ட மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள், பத்து வயதுக்குக் கீழுள்ள சிறுமிகளைக் கழித்துவிட்டால் கிராமத்துப் பெண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல், என்று அவர் கணக்குச் சொல்கிறார். அந்தக் கட்டுரையின் இந்தி வடிவம் வடக்கே எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இடம்பெற்றது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானதும் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை ஓடும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். ஆம்பளைக்காகச் செய்த வண்டியைப் பெண்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரிலும் அது நடந்தது. கண்மாய் வற்றிய பிறகு அதன் உள்வாயில் சாயங்காலம் இருபது முப்பது பெண்கள் கூடுவார்கள். மொத்தம் நாலைந்து சைக்கிள். வாடகைக் கடையிலிருந்து மணிக்கணக்கில் எடுத்தது ஒன்றிரண்டு. ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். விழுந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் யாருக்கும் வெட்கம் வராது, ஏனென்றால் அடுத்து விழப்போவது சிரிக்கிறவள்தான். என் அக்கா நாலு நாளில் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் நாள் என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கண்மாயைச் சுற்றினாள். காற்று அப்படி முகத்தில் அடித்தது எனக்கு அதுதான் முதல்முறை.

"நீயும் ஓட்டுவே பாரு," என்றாள். "இதுல ஓட்ட முடியாது, வேற எதுலயாச்சும் ஓட்டுவே."

சைக்கிளுக்கு இரண்டு கால் வேண்டும். அந்த இயக்கம் உடைத்த வேலிகள் பல. இது அதன் கையில் இல்லாத வேலி. ஆனாலும் அங்கே நான் ஒன்றைப் பார்த்தேன். சைக்கிள் அதற்கு முன்பும் எங்கள் ஊரில் இருந்தது. பெண் ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான்: கற்றுக்கொள்ள ஓர் இடம், கூட நாலு பேர், பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஓர் ஆள்.

லேத் பட்டறை

அக்கா சொன்ன 'வேற எதுலயாச்சும்' அப்போதே நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பஜாஜ் சேட்டக்கைக் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும், இடது கையில் கிளட்சையும் கியரையும் சமாளிக்க வேண்டும், பின் பிரேக்கை வலது காலால் மிதிக்க வேண்டும். 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டாவில் கியர் இல்லை. பட்டனை அழுத்தினால் கிளம்பும். நின்றுகொண்டு உதைக்க முடியாதவர்களை மனதில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. புடவை கட்டியவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் விற்கத்தான் செய்தார்கள். ஆனால் கால் இல்லாதவர்கள்தான் அதில் வேறொன்றைக் கண்டுகொண்டார்கள்: இந்த வண்டி காலைக் கேட்கவில்லை. நிற்கும்போது ஊன்றுவதற்கு மட்டும்தான் கால் வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரத்தை மாட்டிவிட்டால்?

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் லேத் பட்டறைகளில் அவரவர் பாட்டுக்குச் செய்தார்கள். இன்று தமிழக அரசே இரு கால்களும் செயலிழந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற 'இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்' இந்தப் பட்டறை யோசனைதான்.

எனக்கு வேலை கிடைத்த பள்ளிக்கூடம் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தது. பஸ் மெயின் ரோட்டோடு சரி. இரண்டு வருஷம் அந்த மூன்று கிலோமீட்டரைக் காலிப்பரோடு நடந்தேன், இல்லாவிட்டால் யாராவது பரிதாபப்பட்டு ஏற்றிக்கொள்வார்கள். பரிதாபத்துக்கு டைம்டேபிள் கிடையாது. 2003-இல் கடன் வாங்கிக் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை எடுத்து, புதுக்கோட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மேஸ்திரி என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டீச்சர், எந்தப் பக்கமா ஏறுவீங்க? காலைத் தூக்கி வைப்பீங்களா, கையால எடுத்து வைப்பீங்களா?" என்று கேட்டார். ஊன்றுகோலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை. பின் அச்சோடு ஒரு இரும்புச் சட்டத்தை இணைத்து, ஸ்பிரிங் வைத்து, இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டினார். இடது பக்கத்துத் தளத்தை ஒரு சாண் அகலமாக்கினார். ஊன்றுகோலுக்கு ஒரு குழாயை வெல்டு செய்தார்.

இரண்டு சக்கர வண்டியை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வண்டி வராது. வளைவில் அவர்கள் உடம்பைச் சாய்ப்பார்கள், இது சாயாது. ஹேண்டிலைத் திருப்பித்தான் திரும்ப வேண்டும், வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். நம் சாலைகள் தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். மற்ற வண்டிகளுக்கு அது தெரியாது. இந்த வண்டி எப்போதும் இடது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், வலது கை ஓயாமல் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். செம்மண் பாதையில் பள்ளம் வந்தால் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்க, நடுவில் எஞ்சினோடு சேர்ந்த பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ரிவர்ஸும் கிடையாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பட்டறை வாசலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் நானே கண்டுபிடித்ததுதான்.

பிறகு லைசென்ஸ். எல்.எல்.ஆர். போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட வேண்டும். காலைக் கீழே ஊன்றாமல் எட்டு போட வேண்டும் என்பது விதி. காலை ஊன்றவே முடியாதவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. நான் முதலில் போன அலுவலகத்தில், "இது மாத்தி செஞ்ச வண்டிம்மா, ஊனமுற்றவங்களுக்காகவே தயாரிச்ச வண்டி இல்லையே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1930-இல் லண்டனில் எழுதிய வரி ஒரு மேஜைக்குப் பின்னாலிருந்து பேசியது. நாலு மாதம் அலைந்த பிறகு வேறோர் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்காகத்தானே செஞ்சிருக்கு?" என்று கையெழுத்துப் போட்டார். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவர் சொல்லைப் பார்த்தார், ஒருவர் வண்டியைப் பார்த்தார். அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களின் உரிமம் யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதில் இருந்தது.

மூன்று பெடல்கள்

ஸ்கூட்டர் மழையைத் தாங்காது. அம்மாவுக்கு வயதாகி டயாலிசிஸுக்குத் திருச்சி போக வேண்டி வந்தபோது கார் தேவைப்பட்டது. கார் என்றதும் எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள். கார் ஓட்ட இரண்டு காலும் வேண்டும் என்பது இயற்கையின் விதி மாதிரி நமக்குள் பதிந்திருக்கிறது.

அது இயற்கை விதி இல்லை. ஒரு பழக்கம். 1908-இல் வந்து உலகத்தையே சக்கரத்தில் ஏற்றிய ஃபோர்டு மாடல் டி காரில் ஆக்சிலேட்டர் காலில் இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய ஒரு நெம்புகோல், விரலால் இழுப்பது. பெடல்களின் வரிசையும் வேறு. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று இன்று நாம் பார்க்கிற வரிசை 1916-இல் கேடிலாக் டைப் 53 காரில் வந்து, பிறகு மற்றவர்கள் பின்பற்றி நிலைத்துப்போனது. வேறு வரிசை நிலைத்திருந்தால் வேறு சிலர் ஓட்டுநர்களாகவும் வேறு சிலர் ஊனமுற்றவர்களாகவும் இருந்திருப்பார்கள்.

1921-இல் தன் 39-ஆம் வயதில் போலியோ தாக்கி இரு கால்களும் செயலிழந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கையால் இயக்கும் நெம்புகோல்கள் பொருத்திய ஃபோர்டு கார்களைத் தானே ஓட்டினார். அமெரிக்க ஜனாதிபதியான பிறகும் ஓட்டினார். அவருடைய 1936-ஆம் ஆண்டு ஃபோர்டு ஹைட் பார்க்கில் அவர் நினைவு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்று நம் ஊர்களில் பொருத்துகிற கைக்கட்டுப்பாட்டிலும் அதே தத்துவம்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி; ஒருவகையில் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர்.

எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. இடது காலுக்குக் காரில் ஒரே வேலைதான், கிளட்ச். 2014-இல் மாருதி செலேரியோவோடு ஏ.எம்.டி. என்ற தானியங்கி கியர் மலிவு விலைக் கார்களுக்கு வந்தது. அதில் கிளட்ச் உண்டு, அதை மிதிக்கிற வேலையை எந்திரமே பார்த்துக்கொள்ளும். கிளட்ச் பெடல் கிடையாது. 2016-இல் பழைய விலைக்கு அப்படி ஒன்று கிடைத்தது.

ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று டிரைவிங் ஸ்கூல்களில் கேட்டேன். மூன்றிலும் கிளட்ச் உள்ள கார்தான் இருந்தது. பயிற்சிப் பள்ளியின் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் பெடல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் என் காரில் வந்து சொல்லிக்கொடுக்கவும் அவர்கள் தயாராக இல்லை. கடைசியில் என் அக்கா மகன், டாடா ஏஸ் ஓட்டுகிறவன், வற்றிய அதே கண்மாய்க்கு வந்தான். பக்கத்து சீட்டில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்தான். அந்தக் காரில் என்னை நிறுத்த அவனுக்கிருந்த ஒரே வழி அதுதான்.

முதலில் அவன் ஓட்டிக் காட்டினான். பத்தடி போனதும் பழக்கத்தில் இடது காலால் கிளட்சை மிதித்தான். அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் பெடல்தான் இருந்தது. இரண்டு பேரும் கண்ணாடியில் மோதப் பார்த்தோம். மூன்று முறை அப்படி ஆனது. "சித்தி, இடது காலை மறக்கணும், மறக்க மாட்டேங்குதே," என்றான். எனக்கு மறக்க ஒன்றும் இல்லை. அந்தக் காரில் ஊனம் அவனுக்குத்தான் இருந்தது.

சட்டம் மாறியது

2007-இல் இந்தியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. 2010-இல் கருணாநிதி அரசு, அரசாங்கத் தாள்களில் 'ஊனமுற்றோர்' என்பதை 'மாற்றுத்திறனாளிகள்' ஆக்கியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, தனிமனித நடமாட்டத்துக்கு உதவும் திட்டங்களில் ஒன்றாக வாகனங்களை மாற்றியமைப்பதையும் சேர்த்தது. மோட்டார் வாகனச் சட்டம் 'வெறுமனே' என்று ஒதுக்கியதை இன்னொரு சட்டம் அரசின் கடமைகளில் ஒன்றாக எழுதியது. இரண்டும் மூன்று வருஷம் ஒன்றையொன்று பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதைச் சரிசெய்தது. 'இன்வாலிட் கேரியேஜ்' போய், 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' வந்தது. தனியாக வடிவமைத்ததாகவும் இருக்கலாம், மாற்றங்கள் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம் என்று விளக்கம் விரிந்தது. சொந்த வண்டியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டு, அதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பின்னர் பெறவும் வழி வந்தது. 1930-இலிருந்து எண்ணினால் அந்த ஒரு சொல்லுக்கு வயது 89. எங்கள் மேஸ்திரி போன்றவர்கள் வெல்டிங் தீப்பொறியில் செய்துகொண்டிருந்ததைச் சட்டம் வந்து பிடிக்க அவ்வளவு காலம் ஆனது.

இதற்கிடையில் மனிதர்கள் காத்திருக்கவில்லை. இந்தூரைச் சேர்ந்த, இரு கைகளும் இல்லாத விக்ரம் அக்னிஹோத்ரி 2016-இல் கார் ஓட்டும் உரிமம் பெற்றார். கேரளத்தில் பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஜிலுமோள் மரியட் தாமஸ் ஆண்டுக்கணக்கில் போராடி 2023 டிசம்பரில் பெற்றார். அவர் ஓட்டுவதும் மாற்றியமைத்த செலேரியோதான். 2024-இல் சென்னையின் தான்சேன், அவருக்கும் இரு கைகளும் இல்லை, உரிமம் வாங்கினார். செய்தித்தாள்கள் இவர்களைச் சாதனையாளர்கள் என்று எழுதின. சாதனைதான். ஆனால் ஒரு லைசென்ஸ் வாங்குவது செய்தியாகிற வரைக்கும் அது உரிமையாக ஆகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. சட்டமும் வந்துவிட்டது. கற்றுக்கொள்ளும் இடம் இன்னும் வரவில்லை. இடது கால் இல்லாதவர், வலது கால் இல்லாதவர், இரண்டும் இல்லாதவர், யாராக இருந்தாலும் இன்று எங்கள் மாவட்டத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் காரை வாங்க வேண்டும். அதைத் தன் உடம்புக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் அது தனக்கு வருமா வராதா என்று தெரிந்துகொள்ள முடியும். ஓட்டிப் பார்க்காமலே பல லட்சம் போட யாருக்குத் துணிவு வரும்? துணிவு இருந்தாலும் பணம் யாரிடம் இருக்கிறது? இரண்டு கால் உள்ளவர் சில ஆயிரம் ரூபாய் கட்டி, பள்ளியின் காரை முட்டி மோதிக் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொள்வதற்கான தவறுகளைச் செய்ய அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. எங்களுக்கு இல்லாதது அதுதான்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளட்ச் இல்லாத ஒரு கார். அதில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கைக்கட்டுப்பாட்டுக் கம்பி. பக்கத்து சீட்டில் ஒரு பிரேக். இடது காலை மறக்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளர். மாவட்டத்துக்கு இப்படி ஒன்று இருந்தால், விருப்பமுள்ளவர்கள் முறைபோட்டு வந்து ஓட்டிப் பார்க்கலாம். முடிகிறது என்று தெரிந்தவர்கள் வண்டி வாங்கலாம். 1992-இல் எங்கள் கண்மாயில் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் வீட்டில் சைக்கிள் கிடையாது. கற்றுக்கொண்ட பிறகுதான் வாங்கினார்கள். நாலைந்து சைக்கிள், முப்பது பெண்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய மாவட்டம் இது.